வாட்ஸ்அப் வராது, பட்டியல் போகும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பேரிடர்க் காலத் தகவல்தொடர்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர. செல்போன் கோபுரங்கள் எல்லாம் சாய்ந்தாலும் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது அரசு உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், தங்கள் கருவி வழியாக ஊருக்கே இணையம் கொடுத்துவிடுவார்கள் என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் என் வீட்டுக்கே வந்து, "சார், அடுத்த புயலுக்கு உங்க வைஃபை பாஸ்வேர்டை முன்னாடியே கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். விளையாட்டாகச் சொன்னார்களா, நிஜமாகவே நம்பிவிட்டார்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். ஹாம் உரிமம் வைத்திருக்கிறேன். வீடு திருத்துறைப்பூண்டியில். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது என் மாடியில் இருந்த ஆண்டெனா கம்பம், ஒன்றரை அங்குல ஜிஐ பைப், இடுப்பில் அடிபட்ட ஆள் மாதிரி நடுவில் வளைந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்து கிடந்தது. ஆக, அந்தப் புயலில் நான் ஊருக்கு இணையமும் கொடுக்கவில்லை, ஒரு மண்ணும் கொடுக்கவில்லை. கையடக்கக் கருவியை ஸ்கூட்டர் பேட்டரியில் சொருகிக்கொண்டு நாலு வார்த்தை பேசியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பெருமை அடிக்கிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அதற்கப்புறம்தான் பாக்கெட் ரேடியோ பைத்தியம் பிடித்தது. கணினித் தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ரேடியோவில் அனுப்புவதுதான் அது. மன்னார்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரும், வேதாரண்யத்தில் இன்னொரு ஹாம் நண்பரும், நானும் சேர்ந்து மூன்று வீட்டுக்கு நடுவே ஒரு சின்ன வலை கட்டினோம். டெல்டா முழுக்கத் தட்டை நிலம், மலை மறைக்காது. இரண்டு பக்கமும் ஆண்டெனா 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் 30 கிலோமீட்டர் வரைக்கும் பூமியின் வளைவு குறுக்கே வராது. மன்னார்குடி எனக்கு நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் போல, வேதாரண்யம் 30. தென்னை மரம் மட்டும்தான் தொந்தரவு. அதையும் கஜா பாதி தீர்த்துவிட்டது. இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

கருவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண விஎச்எஃப் ரேடியோ, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் பட்டை, அதோடு ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, கடையில் கிடைக்கிற யுஎஸ்பி சவுண்ட் கார்டு. முன்பெல்லாம் கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே டிஎன்சி என்று தனியாக ஒரு பெட்டி வேண்டும், இன்று டயர்வுல்ஃப் என்கிற இலவச மென்பொருளே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கணினி அனுப்ப வேண்டிய பிட்டுகளை 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஸ்வரங்களாக மாற்றி ரேடியோவின் மைக்குக்குள் விடும், அந்தப் பக்கம் அதைக் கேட்டு மறுபடி பிட்டுகளாக்கும். காதில் கேட்டால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்களுக்கு முதல் இரண்டு நாள் அந்தக் கர்ர்ர் மட்டும்தான் கேட்டது, ஒரு எழுத்துகூட வரவில்லை. கேபிளை மாற்றினோம், கருவியை மாற்றினோம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் சவுண்ட் கார்டில் வால்யூம் அதிகம். ரேடியோவுக்குள் போகிற சத்தம் அளவுக்கு மீறினால் ஸ்வரம் சிதைந்துவிடும், காதுக்கு நன்றாகவே கேட்கும், மோடத்துக்குப் புரியாது. வால்யூமை நூற்றில் இருபதுக்குக் குறைத்ததும் மன்னார்குடியிலிருந்து முதல் வரி கடகடவென்று திரையில் ஓடியது.

அன்று ராத்திரி பிங் அடித்துப் பார்த்தோம், அதாவது ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தோம். உங்கள் வீட்டு பிராட்பேண்டில் பிங் அடித்தால் 20, 30 மில்லி வினாடியில் பதில் வரும். எங்களுக்கு வந்தது 2,300 மில்லி வினாடி. கணக்கு ஏறக்குறைய சரிதான். பிங் பொட்டலம் 84 பைட், அதன் மேல் ஏஎக்ஸ்.25 என்ற ஹாம் பாக்கெட் விதிமுறையின் உறை ஒரு 20 பைட், மொத்தம் 104, பைட்டுக்கு 8 பிட். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் இது போய்ச் சேரவே 0.7 வினாடி ஆகும். பேசும் பொத்தானை அமுக்கியதும் ரேடியோ மூச்சு வாங்கி அலை விடுவதற்கு 0.3 வினாடி. திரும்பி வரவும் அதே கதை. மன்னார்குடிக்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "சார், இது இணையம் இல்ல சார், தந்தி" என்றார். அவர் சொன்னதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் கட்டுரையின் வரிக்கு வருகிறேன். 2 எம்பி அளவுள்ள ஒரு செல்போன் படத்தை இந்த வழியில் அனுப்பினால், எந்தத் தடங்கலும் இல்லாமல், உறைக்கான பைட்டுகளையும் கணக்கில் எடுக்காமல், 3 மணி 42 நிமிடம் ஆகும். நிஜத்தில் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நேரம் முழுக்க அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. ஊருக்கே இணையம் என்றால், ஊரில் ஒருவர் ஒரு படம் அனுப்பி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

தமிழில் எழுதினால் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, இது நாங்களே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். 'தண்ணீர்' என்ற சொல்லை அனுப்ப 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 8 பைட். யூனிகோடுக்கு முன் இருந்த திஸ்கி என்ற பழைய முறையில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான், அதை நாம் கைவிட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று, கைவிட்டதும் சரிதான். ஆனாலும் 1200 பிட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்த 21 உறுத்துகிறது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் மூன்று பேரும் ரேடியோவில் தங்கிலீஷில்தான் எழுதிக்கொள்கிறோம். உறையின் சுமை வேறு. பொட்டலத்துக்கு முகவரி போடும் ஐபி, அது சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி, இணையத்தின் இந்த இரண்டு விதிமுறைக்கும் சேர்த்து ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 40 பைட் முகப்பு ஒட்டும், அதற்கு மேல் ஏஎக்ஸ்.25 உறை. 'சரி' என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் சரக்கு 9 பைட், மூட்டை கட்டிய சாக்கு 60.

இன்னொன்று கேளுங்கள். வலை அமைத்த முதல் வாரம், யாரும் எதுவும் தட்டாமலே என் ரேடியோ ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகக் கர்ர் என்று கத்திக்கொண்டிருந்தது. ராத்திரி 2 மணிக்குக்கூட. வீட்டில் பேய் என்று சொல்லாத குறை. உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தால், கணினி தன் வழக்கப்படி பக்கத்தில் பிரிண்டர் இருக்கிறதா, வேறு கணினி இருக்கிறதா, மணி என்ன என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரேடியோவும் ஒரு வலைதானே என்று அதற்கு நினைப்பு. என் கால்சைனை, அதாவது ஹாம் உரிமத்தோடு வரும் அடையாளப் பெயரைப் போட்டு, வேதாரண்யம் வரைக்கும், 'பிரிண்டர் இருக்கா, பிரிண்டர் இருக்கா' என்று கூவியிருக்கிறது. உரிமம் பெற்றவன் அனுப்பும் ஒவ்வொரு அலைக்கும் அவனே பொறுப்பு. அதை ஒவ்வொன்றாக அணைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இன்றைய மென்பொருள் எல்லாம் அலைவரிசை ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் என்ற தைரியத்தில் எழுதப்பட்டவை. எங்களிடம் இருப்பதோ சொட்டு நீர்ப் பாசனம்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஐபி எதற்கு, பாக்கெட் ரேடியோவையே நேராகப் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். ஹாம்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நாற்பது வருடமாக நடக்கிறது. 1978-ல் கனடாவின் மாண்ட்ரியல் ஹாம்கள்தான் முதலில் பாக்கெட் அனுப்பிப் பார்த்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் டூசான் ஊர்க் குழு டிஎன்சி பெட்டிகளைச் செய்து பரப்பியது, 1984-ல் ஏஎக்ஸ்.25 விதிமுறை அச்சில் வந்தது. கணினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையும் தட்டச்சுப் பலகையும் மட்டும் உள்ள ஒரு டெர்மினலைச் சொருகி நேராகத் தட்டச்சு செய்யலாம் என்பதால் பெரும்பாலானவர்கள் அதோடு திருப்தியாக இருந்துவிட்டார்கள். ஃபில் கார்ன் என்ற ஒருவர் மட்டும், கேஏ9க்யூ என்பது அவர் கால்சைன், 1985-ல் இதன் மேல் டிசிபி ஐபியை ஓட்டலாம் என்று பிடிவாதமாகச் சொல்லி, சாதாரண டாஸ் கணினியில் ஓடுகிற மென்பொருளை எழுதியும் கொடுத்தார். அதே வட்டத்தில் பிறந்ததுதான் கிஸ் என்ற ஏற்பாடு. டிஎன்சி பெட்டியின் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு, அதை வெறும் மோடமாக்கி, யோசிக்கிற வேலையைக் கணினியிடம் விடுவது. நாங்கள் இன்றைக்கும் டயர்வுல்ஃபோடு பேசுவது அந்தக் கிஸ் வழியாகத்தான்.

கார்ன் செய்த ஒரு காரியத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வாசகர்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. டிசிபி ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, சேர்ந்தது என்ற ஒப்புகைக்குக் காத்திருக்கும். வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, முன்பு ஒப்புகை வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துக் கணக்கிடும். கம்பியில் இது பெரும்பாலும் ஒழுங்காக நடந்தது. ரேடியோவில் பொட்டலம் தொலைவது சகஜம். ஒன்றை இரண்டு தடவை அனுப்பிவிட்டீர்கள், ஒரே ஒரு ஒப்புகை வருகிறது. அது முதல் தடவை அனுப்பியதற்கா, இரண்டாவதற்கா? மகளுக்கு இரண்டு கடிதம் போட்டு, 'கடிதம் கிடைத்தது' என்று ஒரு அஞ்சலட்டை வந்தால் தபால் எத்தனை நாளில் போகிறது என்று எப்படிச் சொல்வீர்கள், அந்த மாதிரி. இரண்டாவதற்குத்தான் என்று தப்பாக எடுத்துக்கொண்டால், வழி வேகமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும், ஏற்கெனவே நெரிசலான அலைவரிசை மேலும் நெரியும். கார்ன் சொன்ன வழி மிகச் சாதாரணம். மறுபடி அனுப்பிய பொட்டலத்தின் ஒப்புகையை நேரக் கணக்கில் சேர்க்காதே, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு, சந்தேகமில்லாத ஒப்புகை வரும்வரை அந்த நேரத்தைக் குறைக்காதே. 1987-ல் கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கார்னின் முறை என்றே இதற்குப் பெயர். டிசிபியின் காத்திருப்பு நேரத்துக்கான 2011-ஆம் ஆண்டு விதிமுறை ஆவணம்கூட இதைக் கட்டாயம் என்கிறது. ஹாம் ரேடியோவின் மோசமான அலைவரிசையில் பட்டுத் திருந்திய ஒரு பாடம் அது. ஹாம்கள் ஊருக்கு இணையம் கொடுத்தார்கள் என்று எழுத ஆசையாக இருந்தால் இதை எழுதுங்கள், தலைப்புச் செய்தியாகவே போடலாம்.

எங்கள் வலையில் இன்னொரு கோளாறும் உண்டு, பாடப்புத்தகத்தில் படித்துச் சொல்லிக்கொடுத்ததை என் வீட்டிலேயே பார்த்தேன். நான் நடுவில் இருக்கிறேன். மன்னார்குடியும் எனக்குக் கேட்கும், வேதாரண்யமும் கேட்கும். அவர்களுக்கு நடுவே 55 கிலோமீட்டர், ஒருவருக்கு ஒருவர் கேட்காது. அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி, இருவரும் ஒழுங்காகக் கேட்கிறார்கள், காலியாகத்தான் இருக்கிறது, இருவரும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள், என் கூரை மேல் இரண்டும் மோதி எதுவும் மிஞ்சுவதில்லை. தவறு யார் மேலும் இல்லை. இந்தத் தலைவலிக்கும் 1990-ல் கார்ன்தான் ஒரு மருந்து எழுதினார். முதலில் 'அனுப்பட்டுமா' என்று ஒரு குட்டிப் பொட்டலம், நடுவில் இருப்பவர் 'அனுப்பு' என்று ஒரு குட்டிப் பதில், அந்தப் பதிலைக் கேட்ட மற்றவர்கள் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். வைஃபையில் உள்ள ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற ஏற்பாடு அந்த யோசனையை ஒட்டி வந்தது. ஆனால் 1200 பிட்டில் கேட்டு அனுமதி வாங்குவதற்கே ஒரு பொட்டலம் போகிற நேரம் ஆகிவிடும். நாங்கள் நேரம் பிரித்துக்கொண்டோம். ஒற்றைப்படை நிமிடம் மன்னார்குடி, இரட்டைப்படை நிமிடம் வேதாரண்யம். மென்பொருள் தோற்ற இடத்தில் சுவர்க் கடிகாரம் ஜெயித்தது.

சரி, வாட்ஸ்அப் ஏன் வராது? வேகம் மட்டும் காரணமில்லை. நாளைக்கே எங்கள் வேகம் ஆயிரம் மடங்கு ஆனாலும் வராது. ஹாம் அலையில் பொருளை மறைக்கிற மாதிரிக் குறியாக்கம் செய்து அனுப்பக் கூடாது, நாடுகளுக்கிடையே பேசும் ஹாம்களுக்கு சர்வதேச ரேடியோ விதிமுறையின் 25-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்தும் ஆணைகளுக்கு மட்டும் விலக்கு. யார் கேட்டாலும் புரிய வேண்டும், அதனால்தான் இந்தப் பட்டையை எங்களிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய இணையத்திலோ பூட்டுப் போடாத தளம் அரிது. வாட்ஸ்அப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பூட்டு. வங்கிக் கணக்கு, யுபிஐ பற்றிக் கேட்கவே வேண்டாம், பூட்டு ஒரு பக்கம், பணத் தொழில் கூடாது என்ற விதி இன்னொரு பக்கம். ஒரு கல்லூரியில் பேரிடர் மேலாண்மைக் கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள், அரை மணி நேரம் விளக்கி முடித்ததும் முதல் கேள்வி, "சார், வாட்ஸ்அப் வருமா?" இல்லை என்றேன். அப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கென்று தனி முகவரிகள்கூட உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? 1981-ல், இணையம் என்றால் என்னவென்று உலகத்துக்கே தெரியாத காலத்தில், ஹேங்க் மக்னஸ்கி என்ற அமெரிக்க ஹாம் கேட்டு வாங்கி வைத்தது 44-ல் தொடங்கும் எல்லா ஐபி முகவரிகளும், மொத்தம் 1 கோடியே 67 லட்சம். அன்றைக்கு அது காலி மனை, கேட்டவருக்குக் கொடுத்தார்கள். அதில் கால் பங்கை, ஏறக்குறைய 42 லட்சம் முகவரிகளை, 2019-ல் அமேசானுக்கு விற்றார்கள், 10 கோடி டாலருக்கும் மேல். முகவரிகளைப் பராமரித்த அமைப்பு அந்தப் பணத்தை வைத்து ஹாம் ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் மானியம் கொடுக்கிறது. பொதுச் சொத்தை எங்களைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். எனக்கு இரண்டு மனம். பயன்படாமல் கிடந்த கோயில் நிலத்தை விற்று ஊரில் பள்ளிக்கூடம் கட்டினால் திட்டுவதா, வாழ்த்துவதா?

இனி, இது எதற்குப் பயன்படும் என்று சொல்கிறேன். புயல் நிவாரணத்தில் அதிகமாகப் போய்வருவது பட்டியல். எந்த முகாமில் எத்தனை பேர், எத்தனை பால் பவுடர், யாருக்கு இன்சுலின், எந்தத் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது. நாங்கள் ஒரு சோதனை செய்தோம். 40 வரிப் பட்டியல் ஒன்றைக் கற்பனையாக எழுதி, முதலில் பேச்சில் அனுப்பினோம். பெயரைத் திரும்பச் சொல்லி, எண்ணைத் திரும்பச் சொல்லி, 25 நிமிடம். முடிவில் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து தப்பு, அதில் ஒன்று 15 என்பது 50 ஆகியிருந்தது. அதே பட்டியலைப் பாக்கெட்டில் அனுப்பினோம், ஒன்றரை நிமிடம், ஒரு எழுத்து பிசகவில்லை. நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தது, கார்ன் புண்ணியத்தில் அதுவாகவே மறுபடி போய்ச் சேர்ந்தது, நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் தலைமையில் போன ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அவர்கள் அங்கே போனது அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்புகொள்ள, பொழுதுபோக்காக. மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் அந்தக் கருவிகள்தான் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே செய்தி சொல்லின. யார் உயிரோடு இருக்கிறார், யாரைத் தேட வேண்டும் என்பதற்கு மனிதக் குரல் போதும், அதுதான் வேண்டும். பட்டியலுக்குப் பாக்கெட். இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருந்தால் சரி.

ஐபி எதற்கு என்று மேலே பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் மன்னார்குடி நண்பர் தன் கடையிலிருந்து பக்கத்துத் தெருவில் உள்ள மண்டபத்துக்கு ஒரு டிஷ் வைத்து வைஃபை இணைப்பு கொடுத்திருக்கிறார். மண்டபத்தில் தட்டுகிற பட்டியல் வைஃபையில் அவர் கடைக்கு வந்து, அங்கிருந்து 1200 பிட்டில் எனக்கு வருகிறது. நடுவில் எதையும் நகல் எடுத்துத் தட்ட வேண்டியதில்லை, மின்னஞ்சல் மென்பொருளுக்கு அடியில் கிடப்பது கம்பியா, அலையா என்று தெரியவே தெரியாது. ஐபி பிறந்ததே இதற்காகத்தான். 1977 நவம்பர் 22 அன்று கலிஃபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து ரேடியோ வழியாகக் கிளம்பிய பொட்டலம், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டிலும் செயற்கைக்கோள் வலையிலும் ஏறி இறங்கி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று வலைகளை ஒட்டவைத்த பசை அது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஹாம்கள் 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளை மலை உச்சிகளில் வைத்து ஹாம்நெட் என்று நாடு முழுக்க இந்த மாதிரி வலை வைத்திருக்கிறார்கள், வேகமும் எங்களைப் போல நொண்டி இல்லை. ஆனால் அதுவும் அவர்களுடைய சொந்த வலைதான், யூடியூப் பார்க்க அல்ல.

எனவே ஆசிரியர் அவர்களே, இரண்டே கோரிக்கை. ஒன்று, 'இணையம் வரும்' என்ற அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். நம்பிக்கை கொடுத்து ஏமாற்றினால் புயலன்று எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள், நாங்கள் 2,300 மில்லி வினாடியைக் காட்டி என்ன சொல்வது? இரண்டு, உரிமம் பற்றி எழுதுங்கள். மத்திய தகவல்தொடர்பு அமைச்சகத்தின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் யார் வேண்டுமானாலும் ஹாம் ஆகலாம், இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையில் அந்தத் தகவலே இல்லை. கருவியை வாங்கி மூலையில் வைத்துவிட்டுப் புயலன்று எடுத்தால் வேலை செய்யாது, உரிமம் இல்லாமல் அமுக்கினால் சட்டப்படி குற்றமும்கூட. நாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் கரையோரம் தாலுகாவுக்கு இரண்டு பேர் இருந்தால் போதும். எங்கள் மூன்று பேரில் இருவருக்கு அறுபது தாண்டிவிட்டது, கம்பம் ஏற ஆள் தேட வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஒவ்வொரு ஞாயிறு ராத்திரி 9 மணிக்கும் ஒரு பட்டியலை அனுப்பிப் பார்க்கிறோம். போன வாரம் வேதாரண்யம் பதில் சொல்லவில்லை. ஃபோன் போட்டுக் கேட்டால், ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை அணில் கடித்துவிட்டதாம். உங்கள் நிருபர் யாராவது பார்க்க விரும்பினால் வரச்சொல்லுங்கள், வரும்போது ஒரு பழைய நாளிதழ் கட்டும் எடுத்து வரட்டும், மழைக்கு முன் பேட்டரிப் பெட்டியைச் சுற்றி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி

(பெயரையும் கால்சைனையும் உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன், அச்சில் வேண்டாம்.)